பற்றிக்கொள்ள இயலாத தோழனுக்கு ஓர் இருக்கை

மாதக்கணக்கில் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் பலருக்கு வாசலில் முதல் வரவேற்பு அளிப்பது வீட்டு நாய்தான். அதனை முன்போல வெளியே அழைத்துச் செல்ல வேண்டும், ஏரிக்கரை வரை சென்று திரும்ப வேண்டும், தடுப்பூசி நாளில் பிறரை எதிர்பாராமல் தாமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்னும் விருப்பம் உடல் தேறிவருவோரிடம் இயல்பாக எழுகிறது. ஆனால் காலில் முன்பிருந்த வலு இல்லை. சிக்னலில் நிற்கும்போது இருசக்கர வண்டியின் பாரத்தை ஒரு காலால் ஊன்றித் தாங்க இயலவில்லை. கார் வாங்கும் வசதியும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

நம் ஊர்களில் நாயை ஸ்கூட்டரின் கால் வைக்கும் தளத்தில் நிற்கவைத்து ஓட்டிச் செல்வோரை நாள்தோறும் காண்கிறோம். வண்டி திடீரென நின்றால் முதலில் விழுவது அந்த நாய்தான். அதனைப் பிடிக்க முயன்று ஓட்டுபவரும் விழுகிறார். ஆகவே, மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஒரு சக்கரமும் பெட்டியும் கொண்ட சைடுகாரைப் பொருத்திக்கொண்டால், கீழே சாயாத வண்டியும் கிடைக்கும், நாய்க்கு இருக்கையும் கிடைக்கும் அல்லவா என்று சிலர் கேட்கின்றனர்.

கிடைக்கும். ஆயினும் அது பழைய வண்டியோடு ஒரு பெட்டியைச் சேர்த்தது ஆகாது. முற்றிலும் வேறொரு வண்டி ஆகும். அதனைத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும். கற்று முடியும்வரை நாய் அதில் ஏறக்கூடாது. இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்வோருக்காகவே இக்கட்டுரை.

பக்கத்து இருக்கை பிறந்த கதை

சைடுகார் 1903ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வடிவம் பெற்றது. அதற்கு முன்னர், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல விரும்பியோர் மோட்டார் சைக்கிளின் பின்னால் சிறு வண்டி ஒன்றைக் கட்டி இழுத்தனர். அல்லது முன்னால் ஒரு நாற்காலியைப் பொருத்தினர். பின்வண்டியில் அமர்ந்தவருக்குப் புழுதியும் புகையும் மிஞ்சின. முன் நாற்காலியில் அமர்ந்தவர் மோதலின்போது முதலில் அடிபட்டார். பக்கத்தில் அமரவைக்கும் முறை வந்தபின்தான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டே பயணம் செய்ய முடிந்தது.

முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களைக் கொண்டுசெல்லும் ஊர்தியாகச் சைடுகார் பயன்பட்டது. படுக்கை பொருத்திய சைடுகார்கள், பெரிய வண்டிகள் நுழைய இயலாத பாதைகளில் சென்றன. நம் காலத்திலும் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக் கிராமங்களில், பிரசவ வேதனையுற்ற பெண்களை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கச் சைடுகார் பொருத்திய மோட்டார் சைக்கிள்கள் பயன்பட்டுள்ளன. 1922ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் இரு இளைஞர்கள் தொடங்கிய சைடுகார்த் தொழிற்கூடம் ஒன்றே பின்னாளில் ஜாகுவார் கார் நிறுவனமாக வளர்ந்தது. மலிவான சிறு கார்கள் வந்தபின் சைடுகாரின் செல்வாக்குக் குறைந்தது. 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ திரைப்படத்தின் வழியாக அவ்வண்டியை நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே பலர். இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாய்களை அழைத்துச் செல்வதற்கென்றே சைடுகார் பொருத்திக்கொள்வோர் உள்ளனர்.

காயமுற்ற வீரர், பிரசவ வலியில் துடிக்கும் தாய், நாய் ஆகிய இவர்களுக்குப் பொதுவானது ஒன்று உண்டு. ஓட்டுநரைப் பற்றிக்கொண்டு பின்னால் அமர இவர்களால் இயலாது. பற்றிக்கொள்ள இயலாதவர் அமரும் இருக்கையைச் சுமக்கும் வண்டி என்பதால், அதனை ஓட்டுபவரின் பொறுப்பும் கூடுகிறது.

கைப்பழக்கம் எதிராளியாகும் இடம்

இருசக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்புகிறது. சற்று வேகமாகச் செல்லும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், ஓட்டுநர் ஹேண்டில்பாரின் இடக் கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ளுகிறார். முன்சக்கரம் ஒரு நொடி வலப்பக்கம் திரும்ப, வண்டி இடப்பக்கம் சாய்ந்து, அப்பக்கமே வளைகிறது. பல்லாண்டு ஓட்டியோர் பலர் தாம் இவ்வாறு செய்வதையே அறியார். கை தானாகச் செய்கிறது.

சைடுகார் வண்டி சாயாது. அதில் இடக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளினால், முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பும்; வண்டியும் வலப்பக்கமே போகும். இடப்பக்க வளைவில் நுழைந்த ஓட்டுநர், தம் பழைய பழக்கத்தாலேயே எதிரே வரும் வாகனங்களின் பாதைக்குள் செலுத்தப்படுகிறார். அச்சத்தில் அதே பழக்கத்தை இன்னும் அழுத்தமாகச் செய்வார். வண்டி இன்னும் விலகும். இதனால்தான், இதற்கு முன் வண்டியே ஓட்டாத ஒருவரைவிட, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஓட்டுநருக்குச் சைடுகாரின் முதல் நாள்கள் கடினமாக அமைகின்றன. ஒரு காரைத் திருப்புவதுபோல, எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும். அறிவுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். கைகளுக்கு விளங்கப் பல நாள் பயிற்சி தேவை.

செயற்கைக் காலுடன் நடை பழகுவோரும், பக்கவாதத்திற்குப் பின் இடக்கையால் எழுதப் பழகுவோரும் இதனை எளிதில் உணர்வர். பழைய பழக்கம் மறைந்துவிடுவதில்லை. புதிய பழக்கம் அதனைவிட வலுப்பெறும்வரை திரும்பத் திரும்பச் செய்வதே வழி.

சாயும் சைடுகார் ஒன்றைச் செய்தால் என்ன என்று எண்ணியோரும் உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1913ஆம் ஆண்டு தோன்றிய நிறுவனம் ஒன்று, வளைவுகளில் மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து சாயும் சைடுகாரைத் தயாரித்தது; பின்னர் அது பேருந்துத் தயாரிப்புக்கு மாறிவிட்டது. இன்று பெரும்பாலும் கிடைப்பவை சாயாத, இறுகப் பொருத்தப்பட்ட சைடுகார்களே.

மூன்று சக்கரம் இருந்தும் கவிழுமா?

கவிழும். மூன்று சக்கரங்கள் இருந்தாலும் அவை சீரான முக்கோணமாக அமைவதில்லை. எஞ்சினும் ஓட்டுநரும் ஒருபக்கம். எடை குறைந்த பெட்டி மறுபக்கம். இடப்பக்கமாகச் செல்லும் போக்குவரத்து முறையுள்ள நம் நாட்டில் சைடுகார் இடப்பக்கம் பொருத்தப்படுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாக் கண்டத்து நாடுகளிலும் வலப்பக்கம் இருக்கும். அந்நாட்டுப் பயிற்சிக் காட்சிகளைப் பார்த்துக் கற்போர் இடம் வலம் மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும்.

இடப்பக்கச் சைடுகாரின் இயல்புகள் நான்கு.

முதலாவது, ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். உந்துவிசை மோட்டார் சைக்கிளில் உள்ளது, பெட்டியோ பின்தங்குகிறது.

இரண்டாவது, பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். மோட்டார் சைக்கிள் நிற்க முயல, பெட்டி தன் வேகத்தில் முன்னே செல்ல விழைகிறது. சைடுகார்ச் சக்கரத்திற்கும் பிரேக் இருந்தால் இந்த இழுப்புக் குறையும்.

மூன்றாவது, இடப்பக்க வளைவில் வேகம் மிகுந்தால் சைடுகார்ச் சக்கரம் தரையை விட்டு எழும். அப்பொழுது திருப்பத்தைச் சற்றுத் தளர்த்தி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தால் அது தரைக்கு வந்துவிடும். ஆனால் திருப்பத்தைத் தளர்த்தும்போது வண்டி வலப்பக்கம் விலகுவதால், சாலையின் நடுக்கோட்டைக் கடக்கும் அபாயம் உண்டு. வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுவதே உண்மையான பாதுகாப்பு.

நான்காவது, வலப்பக்க வளைவில் வண்டி மிக உறுதியாக இருப்பதுபோலத் தோன்றும். எடை பெட்டியின் மேல் சாய்வதால் ஓட்டுநருக்குத் துணிவு பிறக்கிறது. அளவு மீறினால் பெட்டியின் முன்மூக்குத் தாழ்ந்து பின்சக்கரம் எழுகிறது. இதற்கு முன்னறிவிப்பு அதிகம் கிடைப்பதில்லை.

சைடுகார்ப் பந்தயங்களுக்கு 1949ஆம் ஆண்டு முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்துவருகிறது. அவற்றில் பயணியாகச் செல்பவர் சும்மா அமர்வதில்லை. ஒரு வளைவில் பெட்டிக்கு வெளியே தரையைத் தொடுமளவுக்குத் தொங்குவார். மறு வளைவில் ஓட்டுநரின் முதுகின் மேல் படர்வார். தம் உடல் எடையை நகர்த்தி மூன்று சக்கரங்களையும் தரையில் நிறுத்துவதே அவர் பணி. நாய்க்கு இது தெரியாது. சாலையோரம் ஆட்டுக்குட்டியைக் கண்டால், எழக்கூடாத நேரத்தில் எழுந்து நிற்கும். ஆகவே பயணி செய்ய வேண்டிய பணியையும் ஓட்டுநரே தம் நிதானமான வேகத்தால் ஈடுசெய்ய வேண்டும்.

வண்டியின் பொருத்தம்

எல்லா மோட்டார் சைக்கிள்களும் சைடுகாரைத் தாங்கா. எடை குறைந்த வண்டிகளின் சட்டமும் சக்கரங்களும் பக்கவாட்டு விசைக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. சைடுகார் பொருத்தக் கூடாது என்று தம் கையேட்டிலேயே எழுதியுள்ள நிறுவனங்களும் உண்டு. உறுதியான சட்டமுள்ள வண்டியைத் தேர்ந்து, அனுபவமுள்ளவரைக் கொண்டு பொருத்துவதே முறை.

பொருத்துதலில் இரு நுட்பங்கள் முக்கியமானவை. சைடுகார்ச் சக்கரம் நேராக நிற்காமல், முன்பக்கத்தில் சில மில்லிமீட்டர் அளவு மோட்டார் சைக்கிளை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளும் செங்குத்தாக நிற்காமல், சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு பாகை சாய்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் வண்டி நேர்ச்சாலையில் தானாக நேராகச் செல்லும். பொருந்தாவிட்டால் ஓட்டுநர் வழி முழுதும் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்ட நேரும். தோள்களும் மணிக்கட்டுகளும் வலிக்கும். டயர்களும் விரைவில் தேயும். அண்மையில் உடல்நலம் தேறியவருக்கு அந்தத் தோள்வலி சிறிய செய்தி அன்று.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், கழற்றக்கூடிய சைடுகாரையும் உள்ளடக்கியே மோட்டார் சைக்கிளை வரையறுக்கிறது. எனினும் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. பணம் செலவிடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

முதல் பயணி மணல் மூட்டை

காலிச் சைடுகாரைவிட எடை ஏற்றிய சைடுகார் அடங்கி ஓடும். பெட்டி காலியாக இருக்கும்போது சக்கரம் எளிதில் எழும். எடை இருக்கும்போது தரையைப் பற்றி நிற்கும். எனவே கற்போர் பெட்டியின் அடியில், சைடுகார்ச் சக்கரத்துக்கு அருகில், மணல் மூட்டை ஒன்றிரண்டை வைத்து, நகராமல் கட்டிவிட வேண்டும். உங்கள் நாயின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக அது இருந்தால் பின்னர் வண்டியின் போக்கில் பெரிய மாற்றம் தோன்றாது.

பயிற்சிக்குச் சாலை வேண்டா. வாகனமில்லாத, சமதளமான, பரந்த மைதானம் வேண்டும். கற்பிக்க ஒருவர் உடனிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1973இல் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை, மூன்று சக்கர வண்டிகளுக்கெனத் தனிப் பயிற்சி வகுப்பையே வகுத்துள்ளது. நம்மூரில் அத்தகைய வகுப்பு எட்டும் தொலைவில் இல்லையெனில், சைடுகார் ஓட்டிப் பழகிய ஒருவரையேனும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

பயிற்சியின் வரிசை இது.

• முதலில் நேர்க்கோட்டில் மெல்லச் செல்லுங்கள். வேகத்தைக் கூட்டும்போது இடப்பக்க இழுப்பையும், குறைக்கும்போது வலப்பக்க இழுப்பையும் கைகளால் உணருங்கள்.

• நிற்கும்போது கால்களை ஊன்றாதீர்கள். வண்டி தானே நிற்கும். இடக்காலைக் கீழே வைத்தால் மோட்டார் சைக்கிளுக்கும் சைடுகாருக்கும் இடையிலுள்ள கம்பிகளில் அது சிக்கிக்கொள்ளக்கூடும். இப்பழக்கத்தை விடுவது பலருக்கும் கடினம்.

• வலப்பக்கமாகப் பெரிய வட்டமிடுங்கள். கைகள் பழகியபின் இடப்பக்கமாக வட்டமிடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து எட்டு வடிவில் ஓட்டுங்கள்.

• இரண்டு கூம்புகளுக்கு இடையே புகுந்து செல்லப் பழகுங்கள். கண் மோட்டார் சைக்கிளின் அகலத்தையே அளந்து பழகியிருப்பதால், பெட்டி கூம்பைத் தட்டிவிடும். சாலையில் அந்தக் கூம்பு நடைபாதை விளிம்பாகவோ ஒரு மனிதராகவோ இருக்கக்கூடும்.

• திடீரெனப் பிரேக் பிடித்து, நேர்க்கோடு பிறழாமல் நிறுத்தப் பழகுங்கள்.

• இறுதியாக, கற்பிப்பவர் முன்னிலையில், குறைந்த வேகத்தில் இடப்பக்க வட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கி, சைடுகார்ச் சக்கரம் எழும் தருணத்தை அறிந்துகொள்ளுங்கள். மைதானத்தில் அறிந்தவர் சாலையில் திகைக்கமாட்டார்.

குழியைத் தவிர்க்கும் முறையும் மாறுகிறது. இருசக்கர வண்டிக்குத் தடம் ஒன்று, இதற்கு இரண்டு. மோட்டார் சைக்கிள் தப்பிய குழியில் சைடுகார்ச் சக்கரம் இறங்கும். வாகனங்களுக்கு இடையே நுழைந்து முன்னேறவும் இயலாது. போக்குவரத்து நெரிசலில் ஒரு காரைப்போலக் காத்திருக்க வேண்டியதுதான்.

நாய்க்கும் ஒரு பள்ளி

ஓட்டுநர் மைதானத்தில் கற்கும் அதே வாரங்களில், நாய் வீட்டு வாசலில் கற்கலாம். நிறுத்திவைத்த சைடுகாரில், எஞ்சின் அணைந்த நிலையில், அதன் பழைய போர்வையை விரித்து அமரச் செய்யுங்கள். ஒரு வாய் உணவு கொடுங்கள். இறங்க விரும்பினால் இறங்கட்டும், வற்புறுத்த வேண்டா. அது தானே ஏறி அமரும் நாள் வந்தபின், எஞ்சினைச் சில நிமிடங்கள் இயக்குங்கள். மனிதரைவிடக் கூர்மையான செவியுடைய அதற்கு அந்த ஓசை முதலில் பெருந்தொல்லை. காதைப் பின்னுக்கு மடக்கினாலோ, வாயில் நீர் ஒழுகினாலோ, நடுங்கினாலோ அன்றைய பாடத்தை நிறுத்துங்கள். சில நாய்கள் இதனை ஒருபோதும் விரும்புவதில்லை. அவற்றை வீட்டில் விட்டுச் செல்வதே அன்பு.

கட்டும் முறையில் தவறு நேர்ந்தால் உயிரே போகும். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி ஒருபோதும் ஏற்றாதீர்கள். அது வெளியே குதித்தால் கழுத்து இறுகித் தொங்க நேரிடும். மார்பையும் தோளையும் சுற்றி அணியும் வார்ப்பட்டையை மாட்டி, அதனைப் பெட்டியின் அடித்தளத்தில் இரு இடங்களில் இணைக்க வேண்டும். எழுந்து திரும்பவும் படுக்கவும் இடம் தரும் அளவு நீளம் போதும். முன்னங்கால்களைப் பெட்டியின் விளிம்புக்கு மேல் தூக்கி வைக்குமளவு நீளம் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்கள் ஓடும் பிராணியைக் கண்ட நொடியில் பாயும் இயல்பின. அவற்றுக்கு இதில் இருமடங்கு கவனம் தேவை. வழுக்காத ரப்பர் விரிப்பும், தூசியிலிருந்து காக்கும் நாய்க்கண்ணாடியும் நல்லவை.

வெப்பத்தைக் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. வெயிலில் காய்ந்த பெட்டியின் உலோகம் அதன் பாதங்களைச் சுட்டுவிடும். மூக்குக் குட்டையான பக் போன்ற இனங்கள் வெப்பத்தை இன்னும் குறைவாகவே தாங்கும். கோடையில் விடியற்காலைப் பயணமே தகுந்தது. புறப்படுமுன் வயிறு நிறைய உணவளிக்காதீர்கள்; தண்ணீர் மட்டும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பயணத்தில் வாந்தி எடுக்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவரைக் கேளாமல் மருந்து தர வேண்டா.

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மூன்று சக்கரம் உள்ளதால் உடல் தகுதி குறைவாக இருந்தாலும் போதும் என்று எண்ணுவது தவறு. நிற்கும்போது வண்டியைத் தாங்கும் பாரம் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் ஹேண்டில்பாரைத் திருப்புவதற்குக் கைகளுக்கும் தோள்களுக்கும் கூடுதல் வலு தேவைப்படுகிறது. பின்வருவனவற்றுள் ஏதேனும் உங்களுக்குப் பொருந்துமாயின், வண்டியைப் பற்றி எண்ணுமுன் மருத்துவரைக் கலந்து பேசுங்கள்.

• வலிப்பு, மயக்கம் ஆகியவை வந்திருத்தல். இதில் மூன்றாவது சக்கரம் எவ்விதப் பாதுகாப்பும் தராது.

• தூக்கத்தை உண்டாக்கும் மருந்துகள் உட்கொள்ளுதல். சில வலி நிவாரணிகள், மன அமைதிக்கான மாத்திரைகள், சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரும் சில மாத்திரைகள் ஆகியவை இவ்வகையின.

• மார்பைத் திறந்து செய்யும் இதய அறுவை சிகிச்சை. நெஞ்செலும்பு பொருந்துவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதுவரை ஹேண்டில்பாரை வலிந்து திருப்புவது ஆகாது.

• நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைதல். பிரேக்கையும் கியரையும் காலால் இயக்கும் வண்டியில், கால் எங்கே இருக்கிறது என்பதை உணர வேண்டியது இன்றியமையாதது.

• பக்கவாதத்திற்குப் பின் ஒருபக்கப் பார்வை குறைதல். பார்வை குறைந்த பக்கம் சைடுகார்ப் பக்கமாக இருந்தால் நாயையே காண இயலாது.

• இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள் உட்கொள்ளுதல். சிறு விபத்தும் பெரிய இரத்தப்போக்காக மாறக்கூடும்.

• புற்றுநோய் மருந்துகளாலோ, உறுப்பு மாற்றுச் சிகிச்சையாலோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருத்தல். நாயின் கீறலும் உமிழ்நீரும் தொற்றுக்கு வழியாகலாம் என்பதால், ஏற்றி இறக்கும் பணியைப் பிறரிடம் விட நேரலாம்.

இயன்முறை மருத்துவரிடமும் உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். தோள், மணிக்கட்டு, பிடிவலு ஆகியவற்றுக்கு ஏற்ற பயிற்சிகளை அவர் வகுத்துத் தருவார். பிடித்தமான ஒரு நோக்கம் இருந்தால் பயிற்சிகளைச் செய்வதற்கு மனமும் ஒத்துழைக்கும்.

காலில் நிலையான குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர் மற்றொரு வழி. இருபுறமும் சக்கரம் உள்ளதால் அது சைடுகாரைப்போல ஒருபக்கம் இழுப்பதில்லை. கியர் மாற்றும் வேலையும் இல்லை. விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பெறலாம். ஆனால் அதுவும் சாயாத வண்டியே. இருசக்கர வண்டி ஓட்டிப் பழகியோர் இதிலும் மைதானத்திலேயே தொடங்க வேண்டும்.

பராமரிப்போருக்கு

நோயாளியே ஓட்ட வேண்டும் என்பதில்லை. மகனோ மகளோ ஓட்ட, நாய் பெட்டியில் அமர, அது மருத்துவரிடம் சென்று நலமாகத் திரும்புவதை வீட்டிலிருந்தே அறிந்துகொள்வதும் நோயாளிக்கு நிம்மதி தரும். எவர் ஓட்டினாலும், முதல் பயணத்தின் நாளை முடிவு செய்யும் உரிமை உடனிருப்பவரிடமும் இருக்கட்டும். கற்பவர் தம் திறமையைச் சற்றுக் கூட்டியே மதிப்பிடுவார். மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு உண்மை தெரியும். மூட்டையை ஏற்றி எட்டு வடிவம் பிழையின்றிப் போட்ட நாள்கள் பல கடந்தபின், மூட்டையை இறக்கி நாயை ஏற்றச் சம்மதியுங்கள். அதற்கு முன் “இன்று வேண்டாம்” என்று சொல்ல நேர்ந்தால் தயங்காதீர்கள். அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

முதல் பயணம் நெடுஞ்சாலையில் வேண்டா. தெருமுனை வரை சென்று திரும்பினால் போதும். புறப்படுமுன் சைடுகாரை இணைக்கும் திருகாணிகள் எல்லாம் இறுகியுள்ளனவா, மூன்று டயர்களிலும் காற்று உள்ளதா, வார்ப்பட்டையின் கொக்கிகள் மாட்டப்பட்டனவா என்று தொட்டுப் பாருங்கள். தலைக்கவசம் அணியுங்கள். திரும்பி வந்தபின் எஞ்சினை அணைத்துவிட்டு, நாயைக் கட்டவிழ்க்குமுன் சற்று நேரம் அதனைக் கவனியுங்கள். மூச்சு இரைக்கிறதா, உடல் நடுங்குகிறதா, அல்லது இறங்க மனமின்றி அங்கேயே அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை அது சொல்லிவிடும். பின்னர் இடப்பக்கமாக, சாலைக்கு எதிர்ப்புறம், நீங்கள் அழைத்தபின் இறங்கட்டும். ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். நீங்களும் சற்று அமர்ந்து ஓய்வெடுங்கள்.